பழவேற்காட்டுச் சேறும் ஆறு மணி நேரக் காத்திருப்பும்

தடாவுக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையிலிருந்து ஒரு மே மாதத்தில் அள்ளி வந்த அடிச்சேற்றில் மணல், வண்டல், களி ஒவ்வொன்றும் எவ்வளவு என்று கண்டறிவதே முதுகலை ஆய்வேட்டுக்காக நான் செய்ய வேண்டியிருந்த வேலை. மணலைப் பிரிப்பது ஒரே பிற்பகலில் முடிந்தது. 63 மைக்ரான் சல்லடையில் சேற்றை இட்டு, காய்ச்சி வடித்த நீரால் மெல்லக் கழுவியபோது சிப்பித் தூளும் மணலும் மேலே தங்கிவிட்டன. பட்டுத்துணி போன்ற அந்தக் கம்பி வலையை விரலால் அழுத்தக் கூடாதென்று ஆய்வக உதவியாளர் அண்ணா முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

என்னை அலைக்கழித்தது சல்லடைக்குக் கீழே இறங்கிய கலங்கல்தான். அத்தனை நுண்ணிய துகள்களை நீரில் அவை இறங்கும் வேகத்தைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும். 1851இல் ஸ்டோக்ஸ் வெளியிட்ட விதியின்படி அந்த வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 20 மைக்ரான் துகள் 2 மைக்ரான் துகளைவிட நூறு மடங்கு விரைவாக இறங்கும். ஒரு லிட்டர் அளவுருளையில் கலங்கலை நன்றாகக் கலக்கிவிட்டு, உரிய நேரம் கடந்ததும் 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து பிப்பெட்டால் 20 மில்லிலிட்டர் எடுத்து, 105 டிகிரியில் உலர்த்தி நிறுத்தால், அதில் இருக்கும் சேற்றுத்துகள் 2 மைக்ரானுக்கு உட்பட்ட களி மட்டுமே.

முதல் முறை, மட்கிய பொருளைப் போக்குவதற்காக ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தபோது பீக்கர் பொங்கி வழிந்தது. அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். இரண்டாம் முறை, துகள்கள் ஒட்டிக்கொள்ளாதிருக்கப் பிரிப்பானாகச் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கலந்திருந்தும், பால் திரிந்தாற்போல் துகள்கள் திரள்திரளாகச் சேர்ந்து, அரை மணி நேரத்துக்குள் மேல்நீர் தெளிந்துவிட்டது. தவறு உப்பில் இருந்தது; அது நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். கோடையில் இந்த ஏரியின் உப்பு கடல்நீரையும் மிஞ்சிவிடுவதுண்டு என்பது கரையில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சேற்றை ஒரே ஒரு முறை கழுவிவிட்டுத் திருப்தி அடைந்திருந்தேன். அதன்பின் தெளிந்த நீரை வடித்து, புது நீர் ஊற்றி, நான்கு நாட்கள் கழுவினேன். உப்பு குறையக் குறைய நீர் தெளிவதற்கு நேரம் கூடியது; கடைசியில் ஓர் இரவு முழுவதும் வைத்திருந்தும் அது தெளியவே இல்லை. வழக்கமாக எரிச்சலூட்டும் அந்தக் கலங்கலைப் பார்த்து அன்று மகிழ்ந்தேன். உப்பு எஞ்சியிருந்தால் நீரை வெண்மையாக்கும் வெள்ளி நைட்ரேட்டைத் துளியிட்டபோதும் வெண்மை தோன்றவில்லை.

மூன்றாம் முறை நேரத்தில் தவறினேன். கையேட்டின் அட்டவணை 20 டிகிரிக்கு உரியது; அதன்படி 7 மணி 44 நிமிடம் காத்திருந்தேன். எங்கள் அறையிலோ உருளைக்குள்ளேயே 30 டிகிரி இருந்தது. சூடான நீரின் பிசுக்கு குறைவு என்பதால் அங்கே 6 மணி 9 நிமிடமே போதும். நான் பிப்பெட்டை இறக்கிய வேளையில் 1.8 மைக்ரானுக்கு மேற்பட்டவை எல்லாம் அந்த ஆழத்தைக் கடந்து இறங்கிவிட்டிருந்தன. களியின் அளவு குறைந்தே வந்தது. அடுத்த நாள் உருளையைச் சன்னல் வெயிலிலிருந்து நகர்த்தி, தண்ணீர் நிரப்பிய அண்டாவுக்குள் நிறுத்தினேன். உருளையின் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் உள்ளே எழும் நீரோட்டம், இறங்க வேண்டிய துகளை மேலே தூக்கிவிடும்.

அன்று ஒரே கலங்கலை இரண்டு உருளைகளில் வைத்து எடுத்த 20 மில்லிலிட்டர்கள் 0.231, 0.228 கிராம் என நெருங்கி வந்தன. உற்சாகத்தில் இரண்டையும் 50ஆல் பெருக்கி ஏட்டில் எழுதிவிட்டேன். லிட்டருக்கு 5 கிராம் வீதம் நானே சேர்த்த பிரிப்பான் ஒவ்வொன்றிலும் 0.1 கிராம் இருந்ததை மறந்திருக்கிறேன் என்பதை ஏட்டைப் புரட்டிய உதவியாளர் அண்ணாதான் சுட்டிக்காட்டினார். அடித்துவிட்டு லிட்டருக்கு 6.55, 6.40 கிராம் என்று திருத்தினேன்.