கடைவாய்

ஏப்ரல் 11
என் கணவரின் முகத்திலும் கழுத்திலும் இருந்த தீப்புண் ஆறிவிட்டது என்று தாராவியில் எங்கள் சந்து முழுவதும் பேசிக்கொள்கிறது. ஆறிய தோல்தான் இப்போது இழுக்கிறது. வடு முதிர்ந்து தணிய ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும், அதுவரை சுருங்கப் பார்க்கும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை.

ஏப்ரல் 14
புத்தாண்டு. பாயசத்தில் பாதி மோவாயில் வழிந்தது. பிள்ளைகள் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

ஏப்ரல் 19
தன் கையின் மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைக்குமளவு வாய் திறந்தால்தான் சரி. அளவுகோலில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். இவருக்கு ஒரு விரல் நுழைவதே பாடாக இருக்கிறது. தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே செருகி, வடு வெளுக்கும்வரை இழுத்து, அப்படியே பிடித்திருக்க வேண்டும். இன்று மேலும் ஒரு குச்சியைத் தள்ளியபோது இடது கடைவாய் வெடித்து, குச்சியின் நுனியில் கடுகளவு இரத்தம் ஒட்டியிருந்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

மே 2
வடு தடிக்காமலிருக்க முகத்தை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த முகமூடியைக் குளிக்கவும் சாப்பிடவும் மட்டுமே கழற்றலாம், நாளுக்கு 23 மணி நேரம் முகத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னவர்கள், மும்பையின் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மதியம் இருந்து பார்க்கட்டும். ஆனாலும், "பாவம், கொஞ்ச நேரம் கழற்றி வை அண்ணி" என்று இரக்கப்பட வருகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மே 9
மறுபடியும் தலையணை.

மே 10
கழுத்து வடுதான் கீழுதட்டை வெளிப்புறமாகப் பிதுக்கி இழுக்கிறது, அதனால்தான் உதடுகள் சேராமல் எச்சில் வழிகிறது, பகரமும் மகரமும் காற்றாகப் போகின்றன, மாவு மில்லுக்குப் போன் செய்தால் எதிர்முனையில் இருப்பவர் மூன்று முறை "என்ன?" என்கிறார். தலையணை வைத்தால் மோவாய் மார்பை நோக்கிக் குனிந்து, அந்த நிலையிலேயே தோல் இறுகிவிடும் என்பதால், துண்டைச் சுருட்டித் தோளுக்கடியில் வைத்துத் தலையைப் பின்னால் சாயவிடுகிறேன். நான் தூங்கியதும் அதை உருவிவிட்டுத் தலையணையை இழுத்துக்கொள்கிறார். குனிந்து கிடந்தால் வலி இல்லை, அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பேசாமலும் இருக்க முடியவில்லை.

மே 21
விசிலடிக்க முயன்றார். காற்று மட்டும் வந்தது. இருவரும் சிரித்தோம்; அவர் சிரித்தது அவருடைய கண்ணில் மட்டும் தெரிந்தது.

ஜூன் 3
அறுவை சிகிச்சையில் கழுத்து வடுவை முதலில் வெட்டி விடுவித்துத் தோல் ஒட்டுவார்களாம். கடைவாய் அதற்குப் பிறகு. வாயும் திறக்காது, கழுத்தும் நிமிராது என்பதால் மயக்கத்துக்கான குழாயை வழக்கம்போல் போட முடியாது. மரத்துப்போக மருந்து தெளித்து, அவர் விழித்திருக்கும்போதே, கேமரா வைத்த மெல்லிய குழாயின் வழிகாட்டலில் மூக்கு வழியாக நுழைப்பார்கள் என்று மருத்துவர் விளக்கினார். விழித்திருக்கும்போதே என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 6
இரத்தப் பரிசோதனை முடிந்தது. எக்ஸ்ரே நாளைக்காம்.