‘அடம் பிடித்தான்’ என்ற வரிக்கு விழுந்த சிவப்புக் கோடு

வீரவநல்லூரில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் எட்டு வருடமாக எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோயிருந்தது. குழந்தை உளவியலும் வளர்ச்சியும் என்று தொலைநிலைக் கல்வியில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு இருப்பதாகத் தெரிந்ததும், வீட்டில் கேட்டுக்கொண்டு சேர்ந்தேன். மைனிக்குத்தான் புரியவில்லை. “எட்டு வருஷமா பிள்ளைகளைத்தானே பாக்கே, இன்னும் படிச்சு என்னத்தத் தெரிஞ்சுக்கப் போற?” என்றார். நல்ல கேள்விதான். எனக்குப் பதில் கிடைக்க நாலு மாதம் ஆனது.

முதல் ஒப்படைப்பில் ஒரு கேள்வி: ஒரு குழந்தையை இருபது நிமிடம் கவனித்து, பார்த்ததை எழுதுக. இதில் என்ன இருக்கிறது என்று ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன். ‘பையன் அடம் பிடித்தான். சேட்டை அதிகம். வீட்டில் செல்லம் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள்.’ தாள் திரும்பி வந்தபோது மூன்று வரியின் கீழும் சிவப்புக் கோடு. ஓரத்தில் இப்படி எழுதியிருந்தது: ‘இவை உங்கள் முடிவுகள். குழந்தை என்ன செய்தான்?’

அன்று இரவு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் செய்ததை ஒரு நாளும் பார்க்கவில்லையோ என்று தோன்றியது. மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ‘10.10: டம்ளரைத் தள்ளினான். ஆயா மறுபடி வைத்தார். ஆயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தள்ளினான். ஆயா திரும்பிக்கொண்டதும் டம்ளரை எடுத்துக் குடித்தான்.’ இப்படி எழுதிப் பார்த்தால் ‘அடம்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. அவன் ஆயாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன், தொலைநிலைக் கல்வி நடத்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகாரம் தந்திருக்கிறதா என்று அதன் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்று தாள், ஒரு களப்பணி அறிக்கை. ஒப்படைப்புக்கு 30, தேர்வுக்கு 70 மதிப்பெண்.

நேர்முக வகுப்பு சனி, ஞாயிறுகளில் பாளையங்கோட்டையில். வீரவநல்லூரில் ரயில் ஏறினால் காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷன். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, சுலோசன முதலியார் பாலத்தில் ஆற்றைக் கடந்து போக வேண்டும். வீட்டில் கிடைக்காத தனிமை எனக்கு ரயிலில் கிடைத்தது. பாதிப் பாடத்தை ஜன்னலோரத்தில்தான் படித்தேன்.

பாடப்புத்தகத் தமிழ் முதலில் மிரட்டியது. ‘பொருள் நிலைத்தன்மை’ என்பதை நாலு தடவை படித்தேன், ஒன்றும் ஏறவில்லை. அப்புறம் பார்த்தால், நாம் முந்தானையால் முகத்தை மூடி “அம்மாவக் காணோம்” என்று விளையாடுவோமே, அதுதான். மூடிய முகம் முந்தானைக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது, இல்லாமல் போய்விடவில்லை என்று பிள்ளைக்குத் தெரிய வருவது. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் எங்கள் வீட்டு விளையாட்டு ஒன்றை எழுதி வைத்துக்கொண்டேன். தேர்வில் கைகொடுத்தது அந்தக் குறிப்புகள்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பியாஜே பற்றிய பாடம். சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர், 1896இல் பிறந்தவர். தன் மூன்று பிள்ளைகளையும் கைக்குழந்தையிலிருந்தே கவனித்துக் குறிப்பெடுத்தவர். அவருக்கும் முன்பே சார்லஸ் டார்வின் தன் மகனைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து 1877இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய ஆட்களும் நோட்டும் கையுமாகத் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அறிந்ததும், என் நாற்பது பக்க நோட்டின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

பியாஜேயின் சோதனை ஒன்றைப் புளியங்கொட்டை வைத்துச் செய்தேன். ஏழு கொட்டை ஒரு வரிசை, ஏழு கொட்டை இன்னொரு வரிசை. இரண்டும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொண்ட பிறகு, ஒரு வரிசையை மட்டும் கண் முன்னாலேயே அகட்டி வைக்க வேண்டும். நாலு வயசுக்காரர்கள் எல்லாரும் நீண்ட வரிசையில்தான் கொட்டை அதிகம் என்றார்கள். புத்தகமும் அதையே சொல்கிறது. பக்கத்து வீட்டு ஆறு வயசுப் பெண் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “கட்டைப் பிரிச்சுப் போட்டா பீடி கூடுமா அத்தை?” என்று கேட்டாள். அவள் அம்மா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிறவள். இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுவதைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளை. வயதோடு வருவது எவ்வளவு, வீட்டில் பார்த்துப் பழகி வருவது எவ்வளவு என்று யோசிக்கவைத்தது அந்தக் கேள்வி. பியாஜே பிறந்த அதே ஆண்டில் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த உளவியலாளர் விகோட்ஸ்கி, சுற்றியிருப்பவர்களோடு சேர்ந்துதான் பிள்ளையின் அறிவு வளர்கிறது என்று வாதிட்டதை அன்றைக்குப் பிறகு நான் மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வளர்ச்சிப் படிநிலை அட்டவணையைப் படித்தபோது, பள்ளியில் படித்த பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் நினைவுக்கு வந்தன. கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம். கை கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். தளர்நடை போட்டு வரும் வருகை பதின்மூன்றாம் மாதம். புத்தகத்து அட்டவணையிலும் ஏறக்குறைய அதே மாதங்கள்! நம் புலவர்கள் பிள்ளைகளை உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் புலவர்களில் ஒருவருடைய கதையே எங்கள் பக்கத்தில் ஒரு இடைஞ்சலாகவும் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை, திருச்செந்தூரில்தான் வாய் திறந்தார் என்பது எங்கள் ஊரில் எல்லாரும் சொல்லும் கதை. பேச்சு வராத பிள்ளையின் தாயிடம் அதைச் சொல்லித் தேற்றுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

களப்பணிக்கு நான் எடுத்துக்கொண்ட பையனுக்கு இரண்டரை வயது. எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் தம்பி. நாலைந்து சொல்தான் பேசுவான். “குமரகுருபரர் மாதிரி ஒரு நாள் கொட்டுவான்” என்பார் அவன் ஆச்சி. கூப்பிட்டால் சில நாள் திரும்புவான், சில நாள் திரும்ப மாட்டான். அதனால் காது நன்றாகக் கேட்கிறது, திமிர்தான் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் தேதி போட்டு எழுதினேன். கூப்பிட்டது யார், எந்தப் பக்கமிருந்து, முகம் தெரிந்ததா, திரும்பினானா, அன்று உடம்பு எப்படி, எல்லாம். அறிக்கைக்காக எல்லாவற்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதியபோதுதான் கண்ணில் பட்டது. திரும்பாத நாட்கள் அநேகமாக எல்லாமே சளி பிடித்திருந்த நாட்கள், அல்லது அதை அடுத்த நாட்கள்.

நோய் இன்னது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தாளை அவன் அம்மாவிடம் காட்டி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைச் சோதிக்கச் சொன்னேன். ஆச்சிக்குக் கோபம். “எம் பேரனுக்கு என்ன குறையின்னு தாள்ல எழுதிக்கிட்டுத் திரியுத?” என்று கேட்டார். அவர் கோபம் நியாயம்தான். பாசம் இருக்கிற இடத்தில்தான் அந்தப் பயமும் வரும். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தேதியாக வாசித்துக் காட்டினேன். ‘சளி, திரும்பவில்லை’ என்று நாலாவது முறை வாசித்ததும், “போன தையிலயும் இப்படித்தான் இருந்தான்” என்று அவரே சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பரவலாக வருவதுதானாம். நீர் ஏறினால் கேட்பது மந்தமாகும், இறங்கினால் தெளியும். அதனால்தான் ஒரு நாள் போல இன்னொரு நாள் இல்லை. தொடர்ந்து வரச் சொல்லிப் பார்த்தார்கள்.

இதற்கிடையே எனக்கு ஒரு அடி விழுந்தது. இரண்டாம் தாளின் ஒப்படைப்பு வந்து சேரவே இல்லை என்று மதிப்பெண் இடம் காலியாக வந்தது. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன், ரசீது வாங்கவில்லை. மறுபடி முழுவதும் கையால் எழுதிக் கொடுத்தேன். ஓராண்டில் முடிய வேண்டியது இரண்டாண்டு ஆனதற்கு அதுதான் காரணம். எந்தத் தாளைக் கொடுத்தாலும் நகல் எடுத்துவிட்டுக் கொடுங்கள், முத்திரை வைத்த ரசீது வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். தேர்வுக்கு முந்தைய மாதம் தினமும் கைக்கடிகாரம் வைத்து எழுதிப் பழகுவதும் அவசியம். பழக்கம் விட்டுப்போன கைக்கு மூன்று மணி நேரம் எழுதுவது பெரிய வேலை. எனக்கு விரல் மரத்துப்போனது.

இந்தப் பட்டயத்தை வைத்துக்கொண்டு யாரும் உளவியல் மருத்துவ ஆலோசகர் என்று பலகை மாட்ட முடியாது, மாட்டவும் கூடாது. மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற படிப்பும் அதன் பதிவும் வேண்டும். எனக்கு வகுப்பறையில் உபயோகப்படுகிறது, அது போதும்.

ஆஸ்பத்திரியில் “எத்தனை வார்த்தை பேசுகிறான்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பதால், அந்தப் பையனின் அம்மா சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். புதுச் சொல் வந்த நாளின் கட்டத்தில் அந்தச் சொல். அவன் சொன்னபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். போன வாரம் போனபோது மடியிலிருந்த பீடிச் சுளகை இறக்கி வைத்துவிட்டுக் காலண்டரைக் காட்டினாள். அந்த மாதத்தில் பதினோரு கட்டம் நிறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் ‘தண்ணி’க்குப் பதில் ‘அண்ணி’ என்று இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘முதுகுப் பக்கமிருந்து ஆச்சி கேட்டதுக்கு’ என்று எழுதியிருந்தாள்.