ஜூலை 7 வரை

ஜூன் 16, திங்கள்

ஜூலை 7 வரை பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதலாம். கனைக்கக்கூடாது. நிறையத் தண்ணீர், இரண்டு வேளை ஆவி. டாக்டர் எல்லாம் சொல்லி முடித்ததும் "சரிங்க சார்" என்றேன். "இப்பத்தானேம்மா சொன்னேன்" என்றார்.

தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது கண்டக்டரிடம் ஊர் பேரைச் சொல்ல வழியில்லாமல் காலையில் வந்த டிக்கெட்டைக் காட்டினேன். ஊமை என்று நினைத்துக்கொண்டு சில்லறையை எண்ணி எண்ணிக் கையில் வைத்தார்.

குரல் நாணில் முடிச்சு, அரிசி அளவு. ஒரு பக்கம் மட்டும்தானாம்.

ஜூன் 17

"பேசாம எப்படி டீச்சர் இங்கிலீஷ் நடத்துவீங்க?" என்றார் எச்.எம். நோட்டில் எழுதிக் காட்டினேன்: போர்டு இருக்கிறது சார். அவர் இரண்டு தடவை வாசித்தார். கடைசியில் 8, 9 வகுப்புகளைச் சமூக அறிவியல் டீச்சர் பார்த்துக்கொள்வது என்றும், மதியம் துணைத் தேர்வுப் பிள்ளைகள் மட்டும் எனக்கு என்றும் முடிவானது. ஐந்து பேர். 33, 31, 28, 24, 19. பெயர் எழுத வேண்டாம் என்று மார்க்கையே எழுதுகிறேன்.

நூற்றுக்கு 35 எடுத்தால் பாஸ். 33 எடுத்தவள் படுகிற பாடு 19 எடுத்தவனுக்கு இல்லை. அவன் வரவே இல்லை.

ஜூன் 18

இத்தனை வருடம் என் வகுப்பு எப்படி நடந்தது என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வரி வாசிப்பேன். தமிழில் அர்த்தம் சொல்வேன். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்." அடுத்த வரி. இதில் அவர்களுடைய பங்கு அந்தப் "புரிஞ்சுது டீச்சர்" மட்டும்தான். மிச்சமெல்லாம் என் தொண்டை.

போர்டில் ஒரு வரி எழுதி, 33-ஐப் பார்த்து டஸ்டரால் மேசையில் தட்டினேன். எழுந்தாள். வாசிக்கவில்லை. நன்றாக வாசிக்கிற பெண்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், ஒவ்வொரு இங்கிலீஷ் வரிக்கு மேலும் பென்சிலில் பொடிப்பொடியாகத் தமிழ் எழுத்து. கடற்பறவைக் குஞ்சு பறக்கப் பழகும் பாடம் முழுக்க அப்படி. இவ்வளவு நாளும் அதைத்தான் வாசித்திருக்கிறாள். போர்டில் அது இல்லை, பாவம் எதை வாசிப்பாள்?

அந்தத் தமிழிலும் வில்லங்கம். நமக்கு இருப்பது ஒரே 'ப', ஒரே 'க'. பன்றியும் பிக், பெரியதும் பிக். ஓரிடத்தில் 'கோட்' என்று எழுதியிருந்தாள். ஆடா, மேல்சட்டையா என்று படம் வரைந்து கேட்டேன். வெகுநேரம் யோசித்து ஆட்டைத் தொட்டாள். சட்டைதான்.

ஜூன் 19

அத்தைக்குச் சந்தேகம், யாரோ செய்வினை வைத்துவிட்டார்களாம். ஆக்டிவ் வாய்ஸுக்குத் தமிழில் அதுதானே பெயர்! பதினேழு வருடமாக நடத்துகிறேன், எனக்குத் தோன்றவில்லை. சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கவில்லை.

ஜூன் 20

காலண்டர் அட்டையை வெட்டிச் சீட்டுகளாக எழுதினேன். நான் / நேற்று / அப்பாவோடு / சந்தைக்கு / போனேன். 'நான்' இருந்த இடத்தில் இருக்கட்டும், மற்ற நாலையும் கடைசியிலிருந்து திருப்பிப் போடு என்று சைகை காட்டினேன். நான் போனேன் சந்தைக்கு அப்பாவோடு நேற்று. இங்கிலீஷ் அப்படியே வந்து உட்கார்ந்துவிடும்: ஐ வென்ட் டு தி மார்க்கெட் வித் மை ஃபாதர் யெஸ்டர்டே. நமக்கு வால், அவர்களுக்குக் கொம்பு. 'சந்தைக்கு' என்பதில் 'கு' பின்னால் தொங்குகிறது, 'டு' முன்னால் முட்டுகிறது. போர்டில் ஒரு மாடு வரைந்து வாலையும் கொம்பையும் குறித்தேன். என் மாடு நாய் மாதிரி இருக்கிறது என்றான் 28.

பத்து வரி போட்டார்கள், எட்டு சரி. வாய் இருந்திருந்தால் வேற்றுமை உருபு, முன்னிடைச் சொல் என்று நாற்பது நிமிடம் பேசியிருப்பேன்.

மணி அடிக்கும்போது 31 கேட்டான்: "தி எங்கேருந்து வந்துச்சு டீச்சர்? அதுக்குச் சீட்டே இல்லையே."

ஜூன் 22, ஞாயிறு

போனில் படித்தேன். முடிச்சு என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்குமாம், ஒன்றோடொன்று உரசி வருவதால். படித்திருக்கக்கூடாது.

ஜூன் 23

மூன்று நாளாக 31-இன் கேள்வி பின்னாலேயே வருகிறது. கைடில் இருக்கிற பதில் எனக்கு மனப்பாடம். சூரியன், சந்திரன், ஆறுகள், கடல்கள், மலைத்தொடர்கள் இதற்கெல்லாம் முன்னால் 'தி' வரும். கங்கை ஆற்றுக்குப் போடுகிறவன் சந்தைக்கு ஏன் போட வேண்டும் என்றால் கைடுக்கு வாய் கிடையாது. இப்போது எனக்கும்.

இன்று போர்டில் கதை எழுதினேன். 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். ராஜாவுக்கு மூன்று பெண்கள்.' முதல் ராஜாவுக்கு முன்னால் 'ஒரு' இருக்கிறது. இரண்டாவது ராஜா மொட்டை. மொட்டையாக வந்தாலே நமக்குத் தெரியும், மேலே சொன்ன அதே ராஜாதான். அந்த மொட்டைத் தலைக்கு இங்கிலீஷ்காரர்கள் ஒரு தொப்பி போடுகிறார்கள். ராஜா தலையில் தொப்பி வரைந்து 'தி' என்று எழுதினேன். நாலு பேர் முகமும் தெளிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. இப்படி ஒருநாளும் சொன்னதில்லை, என்னைப் படிக்க வைத்தவர்களும் சொன்னதில்லை.

31 சும்மா இருக்கவில்லை. "அப்ப 'மாடு புல் தின்னும்'ல மாடும் மொட்டைதான டீச்சர். அது எந்த மாடு?"

சாக்பீஸோடு நின்றேன். எந்த மாடும் இல்லை, எல்லா மாடும்தான். அங்கே தொப்பி போட மாட்டார்கள், பன்மையாக்கிவிடுவார்கள். சில சமயம் தொப்பியும் போடுவார்கள். இதை எப்படி வரைவது? 'நாளைக்கு' என்று எழுதிவிட்டு உட்கார்ந்தேன்.

நான் பி.ஏ., பி.எட். தமிழ் மீடியம். அலுவலகத்துக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதும்போது இன்றைக்கும் ஒவ்வொரு 'தி'யிலும் பேனா கொஞ்சம் நிற்கும். யாருக்கும் தெரியாது. இந்தப் பயல் வாசலுக்கே வந்துவிட்டான்.

ஜூன் 24

"வீடே கோயில் மாதிரி இருக்கு" என்கிறார் என் வீட்டுக்காரர். இருக்கட்டும். 7-ஆம் தேதி ஆகட்டும்.

ஜூன் 25

19 வீட்டுக்குப் போனேன். கீரமங்கலம் பக்கம். அவன் அம்மா திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே எழுதி எடுத்துப் போன சீட்டை நீட்டினேன்: 'தம்பி எங்கே? 5-ஆம் தேதி பரீட்சை. கட்டாயம் வர வேண்டும்.' வாங்கினார், மடித்தார், முந்தானையில் முடிந்துகொண்டார். "தம்பி வந்தா குடுத்துர்றேன் டீச்சர்."

அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு உறைக்க அவ்வளவு நேரம் ஆனது.

தம்பி எங்கே என்று கையைக் காட்டினேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில், சித்தப்பாகூட. எப்போது வருவான் என்பதற்குச் சைகை கிடையாது. பக்கத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று பார்த்தேன். ஒரு பாட்டி, இரண்டு ஆடு.

பேசினேன். "அஞ்சாம் தேதி பரீட்சை. வரச் சொல்லுங்க."

தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது. அந்தம்மா பூவைக் கீழே வைத்துவிட்டார். "என்னா டீச்சர் இப்படி இருக்கு தொண்டை!" உள்ளே போய் ஒரு கை பனங்கற்கண்டு கொண்டுவந்தார்.

ஜூன் 26

ஐந்து சொல். ஒன்பது நாள் கட்டிக் காத்ததை ஐந்து சொல்லில் விட்டேன். காலையிலிருந்து எச்சில் விழுங்கி விழுங்கிப் பார்க்கிறேன். விழுங்கினால் தெரியுமா என்ன? தெரிகிற மாதிரிதான் இருக்கிறது.

ஒன்று என்றால் ஒருமை. 'எஸ்' சேர்க்க வேண்டாம்.

ஜூன் 27

24 எழுதியது: மீ டூ சிஸ்டர். தப்பு என்று சுழிக்கப் போனவள் நின்றேன். எனக்கு இரண்டு தங்கச்சி. அப்படியே தமிழ்தான். பசிப்பதும் எனக்கு, பிடிப்பதும் எனக்கு, தங்கச்சி இருப்பதும் எனக்கு. 'ஹேவ்' என்று ஒரு வினைச்சொல்லை நாம் வைத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு என்று சொன்ன பிறகு எதற்குத் தனியாக 'எஸ்' என்பதும் நியாயமான கேள்வி. இருந்தாலும் சுழித்தேன். திருத்துகிறவர் நியாயம் பார்க்க மாட்டார்.

பதிலாக ஒன்று கண்டுபிடித்தேன். பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்றால் அலறுவார்கள். 'சாப்பிட்டாச்சு' என்று எழுதிப் பக்கத்தில் 'ஐ ஹேவ் ஈட்டன்' என்று போட்டேன். அதன் பிறகு குளிச்சாச்சு, முடிச்சாச்சு, பஸ் போயாச்சு என்று அவர்களே அடுக்கினார்கள். அது ஒன்றும் புதுசில்லையே டீச்சர், ஆச்சுதானே என்றாள் 33.

அவளேதான் 'நைஃப்' வார்த்தையில் முதல் எழுத்து எதற்கு என்று கேட்டதற்கு நான் வாயில் விரல் வைத்துக் காட்டியபோது, "டீச்சர் மாதிரி, சைலண்ட் லெட்டர்" என்றாள். எல்லோரும் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள்.

இன்னொன்று. எழுதிக் காட்டுகிற நோட்டும் இந்த நோட்டும் ஒன்றுதான் என்பதை மறந்து மேசையில் விட்டுவிட்டேன். 33 புரட்டியிருக்கிறாள். "இந்த 33, நான்தானே டீச்சர்?" முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு 35-னு போட்டுருங்க டீச்சர். ராசியா இருக்கட்டும்." உடனே 28 எழுந்து தனக்கு 100 போடச் சொன்னான்.

ஜூன் 30

ரோடு மேப். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும், இரண்டு மார்க். கைடில் நாலு வரி இருக்கிறது, மனப்பாடம் செய்தால் போதும். இன்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோரையும் கேட்டுக்கு வெளியே கூட்டிப் போனேன். நான்தான் ஊருக்குப் புதுசு, தண்ணீர் டேங்குக்குப் போக வேண்டும், 100 (பழைய 28) எனக்கு வழி சொல்ல வேண்டும். சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

முதலில் அவனுக்கு 'யூ' வரவில்லை. டீச்சரை எப்படி 'யூ' என்பது, 'நீ' மாதிரி இருக்கிறதே என்று நெளிந்தான். "டீச்சர் கோ ஸ்ட்ரெயிட்." போனேன். "டீச்சர் டேர்ன் லெஃப்ட்." திரும்பினேன். லெஃப்டில் ஒரு மாட்டுக் கொட்டகை. சொன்னால் சொன்னதுதான் என்று உள்ளே நுழைந்தேன். கன்றுக்குட்டி எழுந்து நின்றது. வீட்டுக்கார அம்மா வெளியே வந்து "என்ன டீச்சர், பால் வேணுமா?" என்றார். நான் எதைச் சொல்ல? "ரோடு மேப்பு, அக்கா" என்று கத்தினான் 24. "நோ, நோ, ரைட்! டேர்ன் ரைட்! கம் பேக்!" நாலு பேரும் கூச்சல். புத்தகம் யார் கையிலும் இல்லை.

டீக்கடைப் பெரியவர் ஒருவர் பின்னாலேயே வந்து, "லெஃப்டுல போனா சுடுகாடுல்ல வரும்" என்று டேங்க் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜூலை 1

ஆவி பிடித்ததில் கை சுட்டுக்கொண்டது.

ஜூலை 2

மார்க் கணக்குப் போட்டோம். மனப்பாடப் பாட்டு 5, படம் பார்த்து எழுதுவது 5, கடிதம் 5, ரோடு மேப் 2. பதினேழு ஆச்சு. ஒரு மார்க் கேள்வி 14, பாதியாவது வரும், 7. இருபத்துநாலு. "இது என் மார்க் டீச்சர்!" என்றான் 24. இன்னும் பதினொன்று எங்கிருந்து வரும் என்று தேடித் தேடிச் சாயங்காலம் ஆனது.

பாட்டை அவன் கோயில் திருவிழாவில் மைக் பிடித்த மாதிரி ராகத்தோடு சொல்கிறான். ஓர் எழுத்துப் பிசகவில்லை. என்ன அர்த்தம் என்று எழுதிக் கேட்டேன். "அஞ்சு மார்க்."

ஜூலை 3

தெருவிளக்கு கேட்டு மனு எழுதும் கடிதம். 'வீ' என்று ஆரம்பித்ததும் 100 கேட்டான்: "இது நாமளா, நாங்களா? டீச்சரும் சேர்த்தியா?" இங்கிலீஷில் அந்தப் பிரிவினை இல்லை. 'சேர்த்தி' என்று எழுதினேன்.

19 பற்றித் தகவல் இல்லை. ஒரு தடவை போன் வந்தது, புது நம்பர். எடுத்தேன். அந்தப் பக்கம் "ஹலோ ஹலோ" என்று மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல். நான் மூச்சு விட்டேன். வைத்துவிட்டார்கள்.

ஜூலை 4

ஹால் டிக்கெட் கொடுத்தாச்சு. ஒன்று மட்டும் என் பையில்.

ராத்திரி தூக்கத்தில் பேசினேனாம். சின்னவன் சொல்கிறான். என்ன பேசினேன் என்று கேட்டால் "இங்கிலீஷ்" என்கிறான்.

ஜூலை 5, சனி

காலை எட்டரைக்கே சென்டர் வாசலில் நின்றேன். 35 வந்தாள், 31 வந்தான், 24 வந்தான். ஒன்பது மணிக்குத் திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து 19 வந்து இறங்கினான். முடி வெட்டியிருந்தான், கொஞ்சம் இளைத்திருந்தான். கையில் பேனா இல்லை. இரண்டு கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்தான். "'தம்பி எங்கே'ன்னு போட்டிருக்கீங்க. நான்தானே டீச்சர்?"

100 வரவில்லை.

ஒன்பதே முக்கால் வரை நின்றேன். மணி அடித்த பிறகும் நின்றேன். வாட்ச்மேன் நாற்காலி போட்டார்.

ஜூலை 6

போன் போகிறது, எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் என்ன பேச. மெசேஜ் அனுப்பினேன், ஒரு டிக்தான்.

ரோடு மேப் வந்ததாம். பள்ளிக்கூடத்திலிருந்து நூலகத்துக்கு.

ஜூலை 7, திங்கள்

தஞ்சாவூர். டோக்கன் 23. இப்போது 17 உள்ளே போகிறது. நர்ஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், வந்திருக்கிறவர்கள் வாயால் பதில் சொல்ல வேண்டுமாம்.