கட்டையில் பொறித்த எண்

இங்கிலாந்தில், பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சீரமைக்கும் ஒரு சிறிய பட்டறையில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். லீ என்ஃபீல்டு ரைஃபிள் ஒன்று மேசைக்கு வந்தால், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் என்ற உலோகத் தண்டுக்குப் பின்னால் மரக்கட்டை குறுகும் இடத்துக்குத்தான் என் கை முதலில் போகும். சுடுபவரின் கட்டைவிரல் அணையும் இடம் அது. நான்கைந்து இலக்கங்கள் தட்டுப்படுகின்றனவா என்று விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். தட்டுப்பட்டால் அன்று முழுவதும் வேறு எதிலும் மனம் செல்லாது.

இரண்டாம் உலகப் போரில், மறைந்திருந்து தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் பிரிட்டிஷ் ஸ்னைப்பர்களின் கையில் இருந்தது நம்பர் 4 மார்க் 1 (டி) என்ற லீ என்ஃபீல்டு வகை ரைஃபிள். அதற்கென்று தனித் தொழிற்சாலை கிடையாது. சாதாரணச் சிப்பாய்களுக்காகச் செய்த ரைஃபிள்களைச் சுட்டுப் பார்த்து, குறி தவறாதவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். 1942 முதல் அவற்றை மாற்றியமைக்கும் பொறுப்பு லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்திடம் போனது. செல்வந்தர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்துகொடுத்துப் பெயர் பெற்றவர்கள். போர் முடிவதற்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் அவர்கள் கைவழியே வெளியேறின.

ரைஃபிளின் இடப்பக்கத்தில் இரண்டு எஃகுத் துண்டுகளைப் பொருத்தி, திருகுகள் தளராதபடி விளிம்பில் உளியால் தட்டிவிடுவார்கள். அதன்மேல் பிராக்கெட், பிராக்கெட்டில் நம்பர் 32 தொலைநோக்கி. அந்தத் தொலைநோக்கி முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது. மூன்று மடங்கு அளவுக்குத்தான் பெரிதாக்கிக் காட்டும். ஆனாலும் அதன் தூர அளவுத் திருகில் ஆயிரம் கஜம் வரை கோடுகள் உண்டு.

ஒரு ரைஃபிளுக்கென்று குறி சரிசெய்த தொலைநோக்கியை இன்னொன்றில் மாட்டினால் அந்த உழைப்பு வீண். அதனால் இரண்டையும் எண்களால் கட்டிப்போட்டார்கள். ரைஃபிளின் எண் பிராக்கெட்டில் இருக்கும். தொலைநோக்கியின் எண் கட்டையின் குறுகிய இடத்தில் இருக்கும். தொலைநோக்கி பழுதாகி மாற்றப்பட்டால், பழைய எண்ணின் குறுக்கே ஒரு கோடு, பக்கத்திலேயே புதிய எண். யாரோ ஒரு படைக்கலப் பணியாளர் அவசரத்தில் அடித்த அந்தக் கோணல் கோட்டைவிட நம்பகமான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

மற்ற அடையாளங்களும் உண்டு. கட்டையின் அடிப்புறத்தில் எஸ்51 என்று இருந்தால் அது ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் போர்க்காலக் குறியீடு. உலோகப் பகுதியில் எம்47சி என்று இருந்தால், ரைஃபிளைச் செய்தது பர்மிங்ஹாம் அருகே ஷெர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. துப்பாக்கித் தொழிற்சாலை. ஸ்னைப்பர் ரைஃபிளுக்குச் சாதாரண ரைஃபிளைவிடப் பல மடங்கு விலை என்பதால், இந்த எழுத்துகளையெல்லாம் பொய்யாகப் பொறிப்பவர்கள் இருக்கிறார்கள். உலோகத்தில் புதிதாக அடித்த எழுத்தின் ஓரம் கூர்மையாக விரலில் உரசும். எண்பது ஆண்டுகள் துடைத்துத் துடைத்து எண்ணெயிட்ட எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, நூறு துப்பாக்கிகளைத் தொட்டுப் பார்த்தால்தான் விரலுக்குப் பிடிபடும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நான் ஒரு பெரும் தவறு செய்தேன். முதியவர் ஒருவர் தன் குடும்பத்தில் இருந்த ரைஃபிளைக் கொண்டுவந்தார். தொலைநோக்கியும் இல்லை, பிராக்கெட்டும் இல்லை. கட்டை முழுக்கக் கறுத்து, பள்ளங்கள் விழுந்து கிடந்தது. ஈரத்துணியை விரித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால், நசுங்கிய மரநார்கள் நீராவியில் உப்பிப் பள்ளம் மேலெழும். அழகான வித்தை. அன்று எனக்கு அதில் புது மோகம். ஒவ்வொரு பள்ளமாக எழுப்பிக்கொண்டே போனேன். எண் பொறிப்பதும் மரநாரை நசுக்குவதுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அழுக்கடியில் மங்கலாக இருந்த எண்ணும் சேர்ந்து எழுந்துவிட்டது. மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினேன். கட்டை பளபளத்தது. முதியவரும் மகிழ்ச்சியோடு எடுத்துப்போனார்.

சில வாரங்களில் அவர் திரும்ப வந்தார். பரணில் கிடைத்ததென்று ஒரு தகரப் பெட்டியைப் பட்டறை மேசையில் வைத்தார். உள்ளே ஒரு நம்பர் 32 தொலைநோக்கி. "இது என் துப்பாக்கியினுடையதுதானா?" என்று கேட்டார். எங்கள் மூத்த கைவினைஞர் கட்டையை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு இலக்கத்தின் வளைவு மட்டும் நிழலாகத் தெரிந்தது. அது 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். அவர் என்னைத் திட்டவில்லை. "வேலை தொடங்கும் முன் படம் எடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார். நான் எடுத்திருக்கவில்லை. முதியவரிடம் நானே நடந்ததைச் சொன்னேன். அவர் பெட்டியை மூடி, கட்டையை ஒருமுறை தடவிவிட்டு, ஒன்றும் பேசாமல் எடுத்துப்போனார்.

இந்தத் துப்பாக்கிகள் எதற்காகச் செய்யப்பட்டவை என்பது எனக்குத் தெரியும். கன்னத்தாங்கியின் தேய்மானத்தைப் பார்க்கும்போது, மணிக்கணக்காக அதில் முகம் பதித்துப் படுத்திருந்தவனையும், எதிரே கண்ணாடிக்குள் தெரிந்தவனையும் நினைக்காமல் இருந்ததில்லை. அதனாலேயே அந்தத் தேய்மானத்தை அழிக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். புத்தம்புதிதாக்கித் தரும்படி கேட்பவர்களிடம் இதைச் சொல்கிறேன். சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.

சென்ற வாரம் ஒரு ரைஃபிள் வந்தது. முதலில் படங்கள் எடுத்தேன். பிறகு பஞ்சில் சிறிது டர்பென்டைன் தொட்டு, கட்டையின் குறுகிய இடத்தை ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் முதல் எண் தெரிந்தது. அதன் குறுக்கே ஒரு கோணல் கோடு. அதற்குக் கீழே இன்னொரு எண், ஐந்து இலக்கங்களும் தெளிவாக. பள்ளங்களில் படிந்திருந்த கறுப்பை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு எண்களையும் அட்டையில் எழுதி ரைஃபிளில் கட்டினேன். இரண்டாவது எண்ணுக்குரிய தொலைநோக்கியைத் தேடத் தொடங்கியிருக்கிறேன்.