41-இல் தொடங்கும் சுருள்

கட்டம் போட்ட நோட்டின் நடுவில் 1, வலப்பக்கம் 2, அதன் மேலே 3, அப்புறம் இடப்பக்கம் திரும்பி 4, 5, கீழே இறங்கி 6, 7 என்று சுற்றிச் சுற்றி எழுதிப் பாருங்கள். வலது கீழ் மூலையில் 9, 25, 49 என ஒற்றைப்படை எண்களின் வர்க்கங்கள் வந்து நிற்கும். 1963-இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணிதவியலாளர் இப்படி எழுதிப் பகா எண்களை மட்டும் குறித்தபோது, அவை மூலைவிட்டக் கோடுகளில் கூடுவதைக் கண்டார். எனக்கு ரொம்பப் பிடித்தது 41-இல் தொடங்கும் சுருள்தான். நடுவே சாய்வாகச் செல்லும் கோட்டில் மையத்தில் 41, மேலே 43, கீழே 47, மேலே 53, கீழே 61 என்று மாறி மாறி 40 எண்கள், எல்லாமே பகா எண்கள்! கணிதமேதை ஆய்லரின் n²+n+41 தான் அது; n-க்கு 0, 1, 2 என்று வரிசையாகப் போட்டால் இதே எண்கள் வரும். 41-ஆவது எண் 1681, அதாவது 41×41. அங்கேதான் வரிசை அறுகிறது.