பத்து இன்னும் வரல

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே நின்னான் டீச்சர்."

பையனின் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் அவசரத்தில் அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். அது நன்றியா, குறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் வருகைப் பதிவேட்டில் கண்ணை வைத்திருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் மஞ்சு இறங்கும் நேரம். அந்த 4 வயதுப் பையன், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தபோது குழாயடிக்கு ஒற்றைக் காட்டெருமை ஏறி வந்திருக்கிறது. 20 அடி இருக்கும் என்றார்கள். அவன் ஓடவில்லை, கத்தவில்லை. கை இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்திருக்கிறான். ஆறு வரைக்கும் போய், திரும்ப ஒன்றிலிருந்து. அம்மா உள்ளிருந்து கூப்பிட்டதற்கு, "பத்து இன்னும் வரலம்மா" என்றானாம். அவர் வெளியே வந்து சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. வீட்டு வாசல் அவனுக்குப் பின்னால் மூன்றே படி. காட்டெருமை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானாகவே தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது.

அந்த எண்ணிக்கை என்னுடையது.

அதற்கு முந்தின வாரம் எடை போடும் விளையாட்டு நடத்தியிருந்தேன். சட்டை மாட்டும் ஹேங்கரில் இரண்டு கொட்டாங்குச்சி கட்டித் தராசு. இலை பறிக்க நாலு பேர், கணக்குப் பார்க்க ஒருத்தி. அந்தக் குட்டி தராசைப் பார்த்த பார்வையே தனி. "பத்து கிலோ. சாக்குக்கு ரெண்டு கழிச்சாச்சு, ஈரத்துக்கு ஒண்ணு. போ" என்றாள். கழித்தலை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. தினமும் வீட்டில் பெரியவர்கள் பேசுவது அப்படியே வந்தது. எது கனம், எது லேசு, யாருக்கு அதிகம் என்று சாப்பாட்டு நேரம் வரை பேசினார்கள். பொம்மைப் படத்தைக் காட்டி ஒரு மாதம் சொல்லித்தந்தாலும் வராதது பாவனை விளையாட்டில் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த வாரத்துக்கான திட்டத்தை எழுதினேன்.

வாரத் தலைப்பு காட்டு விலங்குகள். கோத்தகிரிப் பக்கம் அது படத்தில் பார்க்கிற பாடம் கிடையாது. கரடி கதவை உடைத்து எண்ணெய் குடித்துவிட்டுப் போகிற ஊர். அதனால் பாதுகாப்பையும் விளையாட்டாகவே வைத்தேன். ஒரு குழந்தை போர்வையைப் போர்த்திக்கொண்டு காட்டெருமை. மற்றவர்கள் பார்த்தவுடன் சிலை மாதிரி நிற்க வேண்டும், பத்து எண்ண வேண்டும், பிறகு மெல்லப் பின்னால் அடி வைத்து வர வேண்டும். பெரியவர்களுக்குச் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதானே? ஓடாதே, கத்தாதே, கிட்டே போகாதே, மெதுவாக விலகி வழி விடு. ஒரு டன் வரை எடை வரும் மாட்டின் முன்னால் திடீரென்று ஓடுவது நல்லதில்லை. நான் தவறாக எதுவும் சொல்லித்தரவில்லை.

ஆனால் "பத்து எண்ணு" என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அது நான் சேர்த்தது. அன்றைய திட்டத்தில் கணக்குக்கான கட்டம் காலியாக இருந்தது.

உதவியாளர் அக்கா அன்றைக்கே கேட்டார்: "எண்ணுறது எதுக்கு டீச்சர், வீட்டுக்குள்ள போன்னு சொன்னா போதாதா?" எண்ணினால் பயம் தெளியும் என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன். இப்போதும் பாதி நம்புகிறேன். அவன் அலறி ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

என்னை உறுத்துவது வேறு. அவனுக்கு ஆறுக்கு மேல் வரிசை நிற்காது என்று எனக்குத் தெரியும். அவனுடைய பதிவில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "1 முதல் 6 வரை பொருளைத் தொட்டுச் சரியாக எண்ணுகிறான், பின் தடுமாறுகிறான்." அதைத் தெரிந்துகொண்டே பத்து முடிந்தால்தான் நகரலாம் என்று ஒரு விதியை அவன் கையில் கொடுத்திருக்கிறேன். முடிக்கத் தெரியாத எண்ணிக்கை அவனை மூன்று படிக்கு முன்னால் கட்டிப்போட்டுவிட்டது. வாசல் பக்கத்தில் இருந்தால் உள்ளே போ, தூரத்தில் இருந்தால் அசையாமல் நில் என்று இரண்டாகச் சொல்லியிருக்கலாம்தான். அந்த வயதில் பக்கம் எது, தூரம் எது என்று நின்று யோசிக்கிற குழந்தை எங்கே இருக்கிறது? அதனால்தான் ஒரே விதி வைத்தேன். இப்படிச் சொல்லும்போதே, அந்த ஒரு விதி "வீட்டுக்குள்ள போ" என்று இருந்திருக்கலாமே என்றும் தோன்றுகிறது.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். பெரியவர்களே இப்படி நிற்க மாட்டார்கள் என்றார்கள். சரி, நல்லதாகவே முடிந்தது என்று நானும் விட்டிருக்கலாம். அந்த அம்மாவிடம் ஒருநாள் நேரில் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன். காலையில் அவருக்கு வேலைக்குப் போகும் அவசரம். சாயங்காலம் பையனைக் கூட்டிப்போக வருவது பாட்டி.

இப்போது விளையாட்டை மாற்றிவிட்டோம். போர்வை போர்த்திய குழந்தை வந்ததும் எல்லோரும் கதவுக்குள் வந்து அக்கா பக்கத்தில் நிற்க வேண்டும். வழியில் பார்த்தால் கூட வரும் பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணுவதே கிடையாது. எண்ணிக்கை தராசோடும் புளியங்கொட்டையோடும் நின்றுகொண்டது.

போன வாரம் அந்தப் பையன் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. முதல் முறையாகப் பிசகில்லாமல் வந்தது. நானும் அக்காவும் கை தட்டினோம். அவன் எழுந்து, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, மெதுவாக ஓரடி பின்னால் வைத்தான்.