கவிழ்த்தாலும் விழாத பச்சை

கடலூர் முதுநகரில் நோன்பு மாதத்து மாலைகளில் உம்மா கடற்பாசியை நீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றிவைப்பார். ஆறியதும் அது துண்டு போடும் அளவுக்கு இறுகிவிடும். சூடாக்கினால் மறுபடியும் இளகும். இழைகள் ஒன்றோடொன்று பின்னி நீரைத் தமக்குள் பிடித்துவைப்பதே அங்கே நடக்கிறது என்பதைப் புதுச்சேரியில் முதுகலை வேதியியல் படித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

அங்கே நான் செய்த ஜெல்லில் கடற்பாசியின் வேலையைச் செய்தது சோடியம் கோலேட் என்னும் பித்த உப்பு. டெர்பியம் என்னும் அரிய மண் உலோகத்தின், மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு அயனிக்கு மூன்று கோலேட் என்ற கணக்கில் இரு கரைசல்களையும் கலந்து, மீயொலித் தொட்டியில் சிறிது நேரம் வைத்தால், மூலக்கூறுகள் தாமாகவே நுண்ணிழைகளாக அடுக்கிக்கொள்கின்றன. குப்பியைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆனால் புற ஊதா விளக்கின் கீழ் அது இருண்டே கிடந்தது. அடுத்த குப்பியில் டைஹைட்ராக்சி நாப்தலீன் என்னும் கரிமச் சேர்மத்தை மிகச் சிறிதளவு சேர்த்துச் செய்தபோது, நெற்பயிரின் இளம்பச்சை குப்பி முழுவதும் நிறைந்தது.

டெர்பியம் அயனி தானாக ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். உறிஞ்சிய ஆற்றலையும் அதை ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகளின் அதிர்வுகள் பறித்துவிடும். நாப்தலீன் மூலக்கூறு இழைகளின் நீர் விலக்கும் பகுதியில் அமர்ந்து, புற ஊதா ஒளியை வாங்கி, அருகிலிருக்கும் உலோகத்திடம் ஒப்படைக்கிறது. வழக்கமாக இத்தகைய ஒளிவாங்கியைப் பல படிகளில் தொகுத்து உலோகத்தோடு பிணைக்க வேண்டும். இங்கோ இழையின் அண்மையே அந்த உழைப்பை மிச்சப்படுத்துகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உதய் மைத்ராவின் குழு காட்டிய இவ்வழியின் எளிமையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒளிரும் ஜெல்லுக்கு வேறு வழியும் உண்டு: டோக்கியோவில் தகுஜோ ஐதாவின் குழு 2005இல் வெளியிட்ட ஜெல்லில் ஒளிர்வதே தங்க அணுக்களின் நெருக்கம்தான். ஜெல்லாக இருக்கையில் சிவப்பு, வெள்ளி அயனி சேர்த்தால் நீலம், அதைச் சூடாக்கிக் கரைத்தால் பச்சை.

கைப்பேசியில் எடுத்த காணொளியைப் பார்த்த உம்மா, “விளக்கை அணைச்சா இந்தப் பச்சை நிக்குமா?” என்று கேட்டார். நிற்கும், ஆனால் ஏறக்குறைய ஒரு மில்லி நொடிதான் என்றேன். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தாமதம் கருவிக்குப் போதும். கரிமச் சாயங்களின் ஒளிர்வு பெரும்பாலும் சில நானோ நொடிகளில் அடங்கிவிடுவதால், சற்றுப் பொறுத்து அளந்தால் டெர்பியத்தின் 545 நானோமீட்டர் ஒளி மட்டும் தனித்து நிற்கும். நாப்தலீனை ஒரு நொதி வெட்டினால் மட்டுமே விடுபடும்படி பூட்டிவைத்து, ஜெல் ஊறிய சிறு காகித வட்டத்தில் இட்டால், அந்த நொதி கலந்த சொட்டு விழுந்த இடம் மட்டும் பச்சையாகிறது.